கம்பத்தில் கவிழ்ந்த சட்டி

அக்கா,

மாமா உங்கள் சட்டியில் கறிவேப்பிலைக் கன்று நட்டு வைத்திருக்கிறார். அடியெல்லாம் கரி ஏறி, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்த அதே மண்சட்டி. இன்று காலை சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். சட்டி நிறைய மண், மண்ணில் ஒரு குச்சி, குச்சியில் நாலு இலை. தண்ணீர் வேறு ஊற்றியிருந்தார். நனைந்த கரியும் மண்ணும் கலந்து ஒரு வாசம் எழுந்தது. காலையில் அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்து அள்ளுவீர்களே, அந்த வாசம். அழுதிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கோபம்தான் வந்தது.

“செடி வெக்க இந்த மலையில வேற சட்டியே கெடைக்கலீங்களா மாமா?” என்று ரோட்டிலிருந்தே கத்தினேன்.

கடை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். “அவ நெனப்பா இருக்கட்டும்னு வெச்சேன் கண்ணு.”

நினைப்பாம். கறிவேப்பிலையைத் தின்கிறவர்கள் யார்? எல்லாரும் இலையோரம் ஒதுக்குகிற சாமானில் போய் உங்களை நினைக்கிறாராம்.

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அந்தச் சட்டி என்ன வேலை பார்த்தது என்று மாமாவுக்கு மறந்துவிட்டதா, மறக்கப் பார்க்கிறாரா, தெரியவில்லை. எனக்கு மறக்கவில்லை. மலைமேல் வளப்பூர் நாட்டில் பஸ் ரோட்டோரம் நாலு பெஞ்சு போட்ட உங்கள் சாப்பாட்டுக் கடைக்கு ஆபீஸ் கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஒரு கம்பம், ஒரு சட்டி, அவ்வளவுதான் நிர்வாகம். உங்களுக்கு முடியாத நாளில் விடிந்ததும் கம்பத்தின் தலையில் சட்டியைக் கவிழ்த்துவிடுவீர்கள். வெளியூர்க்காரர்கள் திருஷ்டிச் சட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் பஸ் கீழே இறங்கும்போது டிரைவர் அண்ணன் அதைப் பார்ப்பார். அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தி, “இன்னைக்குச் சட்டி கவுந்திருச்சு” என்பார். அப்புறம் மேலே சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கிற எந்த வண்டிக்கும் டீக்கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார்.

கம்பம் காலியாக இருந்தால், சாப்பாடு கேட்டவர்களை எண்ணி, மேலே வருகிற பஸ்ஸில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். “பதினாலு பேரு, ரெண்டு கொழந்த, காரம் கம்மி.” பஸ் வேகத்தைக் குறைக்கும், சீட்டு சன்னல் வழியாகப் பறக்கும், நீங்கள் முந்தானையில் பிடிப்பீர்கள். அந்த ஜனம் எழுபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி, அருவி பார்த்து, கோயில் பார்த்து, மத்தியானம் பசியோடு வந்து இறங்கும்போது சாமைச் சோறும் மிளகு தூக்கலான கோழிக்குழம்பும் காத்திருக்கும். “அக்கா, சோத்துலாப் பயணிகள் வாராங்கோ!” என்று நான் ரோட்டிலிருந்து அறிவிப்பேன். கரண்டியை ஓங்கிக்கொண்டே சிரிப்பீர்கள்.

பதினோரு வயதில், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற உரிமையில், அந்தச் சட்டியோடு ஒரு விளையாட்டு விளையாடினேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் யாருக்கும் தெரியாமல் சட்டியைக் கம்பத்தில் கவிழ்த்தேன். முதல் பஸ் போனதும் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். ஞாயிறு தானே என்று நீங்கள் சீட்டுக்குக்கூடக் காத்திராமல் மூன்று கோழி அடித்துவிட்டீர்கள். ஒரு வண்டி வரவில்லை. திரும்பி வந்த டிரைவர் அண்ணன் தலையை நீட்டி, “ஏனுங்க, ஒடம்பு எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டதும், நீங்கள் திரும்பி நேராக என்னைத்தான் பார்த்தீர்கள். அடிக்கவில்லை. மறுநாள் பாசமாக ஒரு பணியாரம் கொடுத்தீர்கள். உள்ளே முழுசாக ஒரு காந்தாரி மிளகாய். நான் நாக்கை வெளியே போட்டுக் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னீர்கள்.

“எல்லாத்துலயும் வெளையாடு சாமி. சட்டியில மட்டும் வெளையாடாத. எனக்கு வாயில ‘இல்லை’ன்னு வராது. எனக்காக அது ஒண்ணுதான் சொல்லுது.”

நாக்கு எரிந்த எரிச்சலில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியும் மண்டையில் ஏறவில்லை.

போன வருடம் சேந்தமங்கலத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி என்று உங்களைக் கூப்பிட்டார்கள். “அவிங்க பேசறது எனக்குப் புரியாது, நீ வாடி வாயாடி” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். மேடையில் சட்டையை இன் பண்ணின ஒருவர், நிர்வாகத்தை எளிமையாக்குங்கள், வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்துங்கள் என்று மூச்சுவிடாமல் பேசினார். வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது. இல்லை என்ற வார்த்தையே கடையில் இருக்கக் கூடாது. நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை தூக்கினீர்கள்.

“ஒடம்புக்கு முடியலீன்னா என்னங்க பண்றது?”

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். “அதுக்குத்தாம்மா சிஸ்டம். நீங்க தூங்கினாலும் அது வேலை பார்க்கும்.”

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி உங்களுடையது. வாடிக்கையாளரின் அனுபவம், அனுபவம் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசினார்களே, ஆக்கிப்போடுகிறவளின் அனுபவத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே உங்கள் போனில், வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு படிவம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு. என்ன தேதி, எத்தனை பேர், சைவமா அசைவமா, காரம் கம்மியா கூடுதலா, எல்லாம் கேட்டேன். உங்களால் முடியுமா என்று ஒரு வரி கேட்கவில்லை. அவர்கள் நிரப்பி அனுப்பினதுமே தானாகப் பதில் போகும். அதையும் நான்தான் எழுதினேன்: “வணக்கமுங்க! உங்க இலை போட்டாச்சு. எழுபது வளைவுல வயித்தைக் காலி பண்ணிட்டு வாங்க, நாங்க ரொப்பி அனுப்பறோம்.” வாசித்துக் காட்டியதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். டீக்கடையில் கேட்கிற வண்டிகள் குறைந்தன. சீட்டு பறப்பது நின்றது. ஏழு நாளும் இலை விழுந்தது. சட்டி விறகுக்குப் பின்னால் போனது. நான் பெருமையாக அலைந்தேன். பிள்ளைகளிடம் “கடையோட மேனேஜரு” என்று பீற்றினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்துவிடலாமா என்று பார்த்தேன். முடியாது.

நான் வந்தபோது கம்பத்தில் சட்டி கவிழ்ந்திருந்தது. எத்தனையோ மாதம் கழித்து. நீங்கள் வெளுத்த சேலை கட்டி, கையில் பையோடு பெஞ்சில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“எங்கீங்கக்கா கெளம்பிட்டீங்க?”

“நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குது கண்ணு. மூணு வாரமா இருக்குது. நாமக்கல் போயிக் காட்டிப்போட்டு வாரேன்.”

“ஐயோ அக்கா! இன்னைக்கு இருபத்திரண்டு பேருக்கு இலை போட்டாச்சுன்னு போயிருச்சுங்க. மலை ஏறிக்கிட்டிருப்பாங்க. இப்பப் போயி இல்லைன்னா அசிங்கமுங்க. நாளைக்குப் போலாம்.”

நீங்கள் கம்பத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். “அது சரி, பாவம் பசியோட வருவாங்க” என்றீர்கள். பையைக் கீழே வைத்தீர்கள். கம்பத்துச் சட்டியை நான்தான் இறக்கினேன், அக்கா. நீங்கள் இறக்கவில்லை. நான் எக்கி, ரெண்டு கையாலும் பிடித்து இறக்கினேன்.

அன்று சாயங்காலமே அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர் ரெண்டு நட்சத்திரம் போட்டு எழுதினார். சாப்பாடு அருமை, பரிமாறிய பெண்மணி முகத்தில் சிரிப்பே இல்லை என்று. அதை உங்களிடம் நீட்டி, “சிரிங்கக்கா, சிரிப்பு இல்லாம நட்சத்திரம் வராது” என்றேன். நீங்கள் அடுப்படியில் சாய்ந்தபடியே எல்லாப் பல்லையும் காட்டி, “ஈ... போதுமாடி?” என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தப் பல்வரிசை ஞாபகம் வரும்போதெல்லாம் அந்த நட்சத்திரக்காரரைத் தேடிப் போய் அவர் இலையில் காந்தாரி வைக்கலாம் என்றிருக்கிறது. அடுத்த இலை எனக்கு.

நாளைக்கு என்றேன். திங்களுக்கும் இலை போட்டிருந்தது. செவ்வாய்க்கும். புதன்கிழமை கஞ்சி வடிக்கிறபோது சரிந்தீர்கள்.

நீங்கள் தூங்கினீர்கள். அது வேலை பார்த்தது. உங்களைக் கிடத்தியிருந்த அன்று பந்தலுக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. இறங்கினவர் கூட்டத்தைப் பார்த்து, “ஏதாவது விசேஷமாங்க?” என்று கேட்டார். கையில் போன். போனில் என் எழுத்து. உங்க இலை போட்டாச்சு.

யாரும் என்னைத் திட்டவில்லை. உன்னால்தான் என்று டாக்டரும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அது இன்னும் கோபம். உங்கள் மேலும் கோபம்தான், மறைக்க மாட்டேன். “போடி, வெய்யி சட்டிய” என்று ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். மிளகாய் வைக்கத் தெரிந்த கைக்கு அது தெரியாதா? ஊருக்கெல்லாம் பசி ஆற்றினீர்கள், உங்கள் வலிக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுக்கவில்லை.

ஐந்து மாதமாக அந்தப் படிவம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நிறுத்த எனக்குத் தெரியும். உங்கள் போனைத் தொடத்தான் கை வரவில்லை. மாமா அதில் வருகிறதைப் பார்த்துத் தனியாகவே ஆக்குகிறார். இன்று பஸ்ஸை விட்டுவிட்டுச் சண்டை போடக் கிட்டே போனபோதுதான் அவர் இடது காலைப் பார்த்தேன். பாதத்தில் துணி சுற்றியிருந்தது. துணி ஈரமாக இருந்தது. ஈ உட்கார்ந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும்தானே.

“எத்தன நாளாங்க மாமா?”

“பத்து நாளு இருக்கும். கல்லு குத்திருச்சு.”

“ஆசுபத்திரி?”

“அடுத்த வாரம் போலாம் கண்ணு. இந்த வாரம் பூரா ஆளு சொல்லியிருக்காங்க. பாவம், பசியோட வருவாங்க.”

அதே வார்த்தை. அட்சரம் பிசகாமல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சட்டிக்குள் கை விட்டு மண்ணோடு கன்றைப் பெயர்த்து, கைகழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் குழி பறித்து நட்டேன். செடி பாவம், அதன்மேல் எனக்கென்ன கோபம். சட்டியைத் தட்டி உதறினேன். எக்கிக் கம்பத்தில் கவிழ்த்தேன்.

“என்ன புள்ள பண்ற! ஒம்பது பேருக்கு இலை போட்டாச்சு!”

“எடுத்தாச்சுங்க மாமா.”

வீட்டுக்கு ஓடி என் அம்மாவை இழுத்து வந்தேன். அடுத்த பஸ் இறங்கியது. டிரைவர் அண்ணன் கம்பத்தைப் பார்த்ததும் பிரேக் போட்டார். சன்னலுக்கு வெளியே தலை வந்தது. “யாரு கவுத்துனது?” “நானுங்க.” அவர் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி வந்து மாமாவுக்குத் தோள் கொடுத்து ஏற்றினார், அம்மாவும் ஏறினாள். “கீழ சொல்லிப்போடறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறினேன். தானாகப் போகிற பதிலை அழித்தேன். என் எழுத்துதான், அழிக்கும்போது ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிக்கவில்லை. இனி யாராவது படிவம் நிரப்பினால், “கேட்டுக்கிட்டோமுங்க, காலையில சட்டியைப் பாத்துட்டுச் சொல்றோம்” என்று நானே கையால் அனுப்புவேன். என்ன சட்டி என்று கேட்கிறவர்களுக்கு டீக்கடைக்காரர் விளக்கட்டும். அந்த ஒன்பது பேரில் ஐந்து பேரிடம் பேசிவிட்டேன். நாலு பேருக்கு லைன் போகவில்லை. வளைவுகளுக்குள் இருந்திருப்பார்கள்.

ஒரு மணிக்கு அந்த நாலு பேரின் கார் வந்தது. இறங்கியவர் பூட்டின கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சாப்பாடு?”

தொண்டையில் என்னென்னவோ வந்தது. மன்னிச்சுக்குங்க, சித்த இருங்க, ஏதாச்சும் ஆக்கிப் பாக்கறேன். எல்லாம் உங்கள் குரலில்.

“இல்லீங்க” என்றேன்.

“போன்ல ஒத்துக்கிட்டீங்களே?”

“ஒத்துக்கிட்டது போனுங்க. கடை ஒத்துக்கலீங்க. ஆக்கறவருக்கு உடம்பு முடியல. ரெண்டு வளைவு தாண்டி இன்னொரு கடை இருக்குதுங்க, நல்லாருக்கும்.”

“ஒரு நட்சத்திரம்தான் போடுவேன்.”

“போடுங்க. பட்டப்பகல்ல ஒண்ணு தெரிஞ்சா போதுமுங்க.”

கார் கதவை அறைந்து மூடிப் போய்விட்டார். யாரும் பசியில் சாகவில்லை, அக்கா. அந்த ஒரு வார்த்தைக்கு மலை இடிந்து விழவில்லை. எவ்வளவு சின்ன வார்த்தை. இதைச் சொல்லத் தெரியாமலா நாம் ரெண்டு பேரும்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். மாமாவைச் சேர்த்துவிட்டார்களாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்களாம், இப்போது மருந்திலேயே ஆறிவிடுமாம், பத்து நாள் நடக்கக் கூடாதாம். பத்து நாளும் சட்டி கம்பத்திலேயே இருக்கும். அதற்கப்புறமும் அது எங்கே இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு விடியலிலும் மாமாவிடம் கேட்டுத்தான் பஸ் ஏறுவேன். மேனேஜர் வேலை எனக்கு இனி அது ஒன்றுதான்.

உங்கள் சட்டியின் கரி விரல் ரேகையெல்லாம் ஏறிவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். இந்தத் தாளின் ஓரத்திலும் ஒட்டியிருக்கிறது. நான் துடைக்கவில்லை.