அகல் மன்றத்தின் எட்டாவது பெயர்

அகல் மகளிர் மன்றம்
சிதம்பரம்
12.11.2007

மதிப்பிற்குரிய திருமதி அமராவதி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதும் கடிதம் இது. தங்கள் முகவரியைத் தாங்கள் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் கேட்டு வாங்கினேன்.

கல்லூரிப் பெண்களுக்காக நாம் மாணவிகளாக இருந்தபோது தொடங்கிய மன்றம், இன்று ஒன்பது மாநிலங்களில் இருபத்திரண்டு கல்லூரிக் கிளைகளோடு நடக்கிறது. நாகபுரியிலும் மைசூரிலும்கூடப் பிள்ளைகள் நம் ஏழு சுடர் பேட்ஜைக் குத்திக்கொள்கிறார்கள். வருகிற ஜனவரி 27 பொன்விழா. வழக்கம்போல் நிறுவனர் பெயர் அழைப்பு உண்டு. பெயருக்குரியவர் இருந்தால் 'வந்தேன்' என்பார். காலமானவருக்கும் வர இயலாதவருக்கும் சபையிலிருந்து ஒருத்தி எழுந்து 'வந்திருக்கிறாள்' என்பாள். அதன்பின் ஒரே பானையில் பொங்கிய சர்க்கரைப் பொங்கல்.

விழாவுக்கு மன்ற வரலாறு அச்சாகிறது. அதற்காகப் பழைய பெட்டியைக் கிளறிய செயலாளர் சுவாதி, 1958இல் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைக் கண்டெடுத்தாள். "அம்மா, நிறுவனர் ஏழு பேருன்னு சொல்றீங்க, படத்துல எட்டு பேர் இருக்காங்களே?" என்று கேட்டாள். எட்டாவதாக நிற்கும் தங்கள் முகத்தின் கீழ் 'தோழி ஒருவர்' என்று போடத் தங்கள் சம்மதம் வேண்டும். சிறப்பு விருந்தினராக வந்து பொன்னாடை ஏற்றுக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஞா. ஞானாம்பாள்
தலைவர்

---

திருப்பாதிரிப்புலியூர்
19.11.2007

ஞானம்,

'தாங்கள்' என்று எழுத உனக்குக் கை எப்படியடி வந்தது? ஒரே தட்டில் கை போட்டுத் தின்றவளுக்கு அவர்களும் இவர்களுமா? கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் நலம். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். மகன் கதிரவன் துறைமுகத்தில் என்ஜினியர். சர்க்கரையும் பிரஷரும் ஜாஸ்தி. வாயும் ஜாஸ்தி என்கிறாள் மருமகள்.

சர்க்கரைப் பொங்கலா? யாரடி பொங்கினது? நாம் தங்கிப் படித்த ராமாமிர்தம்மாள் லாட்ஜில் அன்றைக்குத் தின்றது கருவாட்டுக் குழம்பு. என் அம்மா குப்பத்திலிருந்து கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு, கத்திரிக்காய் போட்டு நான் வைத்தது. லாட்ஜில் வாரம் முழுக்கப் புளித்த மோரும் ஊறுகாயும் தின்று நாக்கு செத்துப்போனதால், அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வைத்தோம். எட்டுப் பேரும் ஒரே தட்டில் தின்றோம். "இனிமே இந்த ஊர்ல படிக்க வர்ற எந்தப் பொண்ணும் தனியா சாப்பிடக்கூடாது" என்று சொன்னதும் அங்கேதான். சொன்னது நான். அதுதானே உன் மன்றத்தின் முதல் தீர்மானம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கருவாட்டை எதில் மறைப்பாய்? அந்த வாசம்தானே ராமாமிர்தம்மாளைத் தெருமுனையிலேயே பிடித்து இழுத்து வந்தது!

பொன்னாடை எனக்கு வேண்டாம். பள்ளிக்கூடம் கொடுத்ததே பீரோவில் பதினொன்று கிடக்கிறது. 'தோழி ஒருவர்' என்று போடுவதானால் என் முகத்தைக் கத்திரியால் வெட்டி எடுத்துவிட்டுப் போடு.

பெயர் அழைப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் வருவேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தோடு சரி.

அமராவதி

---

சிதம்பரம்
28.11.2007

அமராவதி,

திட்டு, உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் என் நிலைமையையும் கேள்.

அன்றைக்கு ராமாமிர்தம்மாள் உன் பெட்டியைத் தெருவில் வைத்தபின், மன்றத்தைப் பதிவு செய்ய நிறுவனர் பட்டியல் கேட்டார்கள். 'அவ பேர் இருந்தா என் லாட்ஜ் முகவரியைப் போடக்கூடாது' என்றாள் அந்த அம்மாள். நமக்கு வேறு முகவரி ஏது? பட்டியலை எழுதியது நான்தான். ஏழோடு நிறுத்தினேன். பிறகு சேர்க்கலாம் என்று நினைத்தேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

இப்போது பேட்ஜில் ஏழு சுடர், கொடியில் ஏழு சுடர், புத்தகம் அச்சில். எட்டுப் பேரில் மிஞ்சியிருப்பது நீயும் நானும்தான். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது, உனக்குத் தெரியும். கருவாட்டுக் கதையை நான் எந்த வாயால் சொல்வது? விழாவில் உனக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுகிறேன். பேசவும் நேரம் தருகிறேன். பெயர் அழைப்பை மட்டும் விட்டுவிடேன், அமரா.

ஞானம்

---

திருப்பாதிரிப்புலியூர்
5.12.2007

ஞானம்,

விட மாட்டேன்.

பெட்டி தெருவுக்கு வந்த கதையைச் சுருக்கமாகத் தாண்டிவிட்டாயே. நான் நினைவுபடுத்துகிறேன். "ஸ்டவ் யாருது?"ன்னு அந்த அம்மாள் கேட்டாள். உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். உன் அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி உன்னை அத்தை மகனுக்குக் கட்டி வைத்துவிடுவார் என்று முந்தின வாரம்தான் அழுதிருந்தாய். அதனால் "என்னுது" என்றேன். ஸ்டவ் உன்னுடையது. கருவாடு தின்று பார்க்க ஆசைப்பட்டதும் நீதான். "எப்டிதான் இருக்குதுன்னு ஒரே ஒரு தடவ பாக்கலாம் அமரா"ன்னு பத்து நாள் நச்சரித்தது யார்? மூன்று முறை வாங்கித் தின்றதும் யார்?

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? இரண்டரை வருஷம் விடியலில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரம் வந்து படித்தேன். மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துத்தான் எங்கள் குப்பத்தில் முதல் பி.ஏ. நான் ஆனேன். அதற்காக யாருக்கும் நான் கடன்படவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், வீட்டில்கூடச் சொன்னதில்லை. கடைசி வருஷம் நிறுவனர் நாளன்று மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். லோகநாயகி, ராணியம்மாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஏழாவது பெயர் முடிந்ததும் ஒரு சின்ன மௌனம். இப்போது என் பெயர், இப்போது என் பெயர் என்று காத்துக்கொண்டு நின்றேன், மடச்சி மாதிரி. கைதட்டிவிட்டு எல்லாரும் பொங்கல் சாப்பிடப் போய்விட்டீர்கள். அன்றைக்கு அழுதது போல என் புருஷன் செத்தபோதும் நான் அழவில்லை.

ஆகையால் நாற்காலி வேண்டாம், மைக் வேண்டாம். என் பெயர் வேண்டும். எனக்கு அறுபத்தொன்பது. செத்தபிறகு எவளோ எழுந்து எனக்காக 'வந்திருக்கிறாள்' என்று சொல்வதற்குள், என் வாயால் ஒரு தடவை 'வந்தேன்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

அமராவதி

---

புதுச்சேரி
17.1.2008

அன்பு அமரா,

மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். பொங்கலன்று குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆறு வாரம் அசையக்கூடாதாம். மகள் ரேகா கூட இருக்கிறாள்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீ நின்றது எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் வரவில்லை. உன் பச்சைத் தாவணியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கைதட்டினேன்.

டிசம்பர் 30 அன்று செயற்குழுவைக் கூட்டினேன். எல்லாக் கிளைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன், "ஸ்டவ் என்னுது. கருவாடு கேட்டது நான். பட்டியல்ல அமராவதி பேர விட்டதும் நான்." கருவாடு என்ற சொல்லுக்கே மன்றத்தின் பழைய பொருளாளர் முகம் சுளித்தாள். "ஐம்பது வருஷப் பாரம்பரியத்த ஒரு கொழம்புக்காக மாத்தணுமா?" என்றாள். அதற்குச் சுவாதி, "அம்மா, பாரம்பரியமே அந்தக் கொழம்புதாங்களே" என்றாள். இருபத்திரண்டு கிளைகளில் பத்தொன்பது கை தூக்கின. உன் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, அமரா! புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டவ், கருவாடு, பச்சைத் தாவணி, எல்லாம் அதில் இருக்கிறது.

அழைப்பில் உன் பெயர் முதலில் வரும். என் பெயர் கடைசியில். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சபைக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தைச் சுவாதி முதலில் வாசிப்பாள்.

நான் அங்கே இருந்து உன் குரலைக் கேட்க முடியவில்லையே என்பதுதான் பெரிய வலி. எலும்பு வலி அதற்கப்புறம்தான். நீ போய் வா. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. போய் வா.

ஞானம்

---

திருப்பாதிரிப்புலியூர்
28.1.2008

ஞானம்,

தாவணியைப் பார்த்தாயா! பாவி. அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. போகவே கூடாது என்று புடவையைப் பெட்டியில் மடித்து வைத்தேன். கதிரவன்தான், "அம்மா, அவுங்களுக்காவா போற? ஒனக்காகப் போ" என்று காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

மண்டபத்தில் கால் வைத்ததும் நாற்பது ஐம்பது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பேட்ஜெல்லாம் முன்பே அச்சாகிவிட்டதாம், ஏழு சுடரோடு. மைசூர்க் கிளைப் பிள்ளைகள் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து நானூறு பேட்ஜிலும் நகப்பாலிஷால் எட்டாவது சுடரை வரைந்திருக்கிறார்கள். கொஞ்சம் கோணல்தான். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. சுவாதி அதில் ஒன்றை என் புடவையில் குத்திவிட்டு, "ஆயா, பயமா இருக்குதா?" என்றாள். "எனக்கென்னடி பயம்?" என்றேன். அவள் கையை மட்டும் விடவில்லை.

சமையலுக்கு இரண்டு பெரிய குண்டான். ஒன்றில் சர்க்கரைப் பொங்கல், ஒன்றில் நம் குழம்பு. நானே உப்புப் பார்த்தேன். எது சீக்கிரம் தீர்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழைய பொருளாளர் அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அது அவர் இஷ்டம்.

முதலில் உன் கடிதத்தை வாசித்தார்கள். நீ எதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகம் இறுகிக்கொண்டே போனது. பிறகு சுவாதி பட்டியலைப் பிரித்தாள்.

"அமராவதி!"

எழுந்தேன். முப்பத்து நான்கு வருஷம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பாடம் எடுத்த தொண்டை, ஒரு சொல் வரவில்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஐயோ, எனக்குப் பதில் யாராவது 'வந்திருக்கிறாள்' என்று சொல்லித் தொலைத்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் கத்தினேன் பாரு, "வந்தேன்!" மைக் இல்லாமலே மண்டபம் அதிர்ந்தது. நானூறு பெண்களும் எழுந்து நின்று தட்டினார்கள், ஞானம். அந்தத் தட்டல் நிற்கவேயில்லை. நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். ஜெயிச்சுட்டேன்டி!

அப்புறம் லோகநாயகி, ராணியம்மாள் என்று போன ஆறு பேருக்கும் வரிசையாகப் பெயர் வந்தது. கிளைக்கு ஒருத்தியாக எழுந்து 'வந்திருக்கிறாள்' என்றார்கள். கடைசியில் சுவாதி கூப்பிட்டாள்.

"ஞானாம்பாள்!"

ஒருத்தியும் எழவில்லை.

நாகபுரிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மைசூர்க்காரி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி எனக்கு அந்த மௌனம் இனித்தது. அடுத்த நொடி தாங்க முடியவில்லை. அந்த மௌனத்துக்குள் நின்றவள் நான். அதற்குள் யாரையும் நிறுத்தக்கூடாது, உன்னைக்கூட.

எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டேன். "வந்திருக்காடி! என்ன பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க? ஞானாம்பாள் வந்திருக்கா! நான் சொல்றேன், வந்திருக்கா!" என்றேன். சுவாதி விம்மிவிட்டாள். பிறகு மண்டபம் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது, "வந்திருக்கிறாள்." புதுச்சேரி வரை கேட்டிருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு பஸ்ஸேறி உன்னைப் பார்க்க வருகிறேன். கோபம் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. அதைக் கட்டிலருகே உட்கார்ந்து நேரில் தீர்த்துக்கொள்கிறேன், நீ எழுந்து ஓட முடியாதே. ரேகாவிடம் சொல்லி எனக்கு ஒரு தலையணை எடுத்து வைக்கச் சொல், இரண்டு நாள் இருப்பேன்.

உன்
அமரா