சிவந்தியின் குழல் வெடித்த காரணம்

மழை பிழையாத செம்பொறை மலையும், அம்மலை ஈன்ற கரும்பாலி ஆறும் உள்ளளவும் இந்நாடு நிலைபெறுவதாக. வேங்கைக் கொடி உயர்த்து, மணிமுற்ற நகரின் அரியணை அமர்ந்து, ஆற்றின் தென்கரை முழுதும் ஆளும் வடிவுடைய நாச்சியார், வடவெல்லை காக்கும் ஊசிக்கணவாய்க் கோட்டைத் தளவாய், பகைவர் முதுகு பலமுறை கண்ட பெருவீரர் மழவராயருக்கு எழுதுவித்த ஓலை. தங்கள் மதிலும், மதில்மேல் விழித்திருக்கும் வீரரும், அவர்தம் மனைமக்களும் நோய்நொடியின்றி வாழ்க.

இவ்வோலையை முழுதும் படித்து முடிக்கும்வரை தங்கள் கோட்டையில் ஒரு துப்பாக்கியும் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்படலாகாது. கெட்டித்து வைத்தவை இருப்பின், அவற்றை எவரும் தோளில் ஏற்றலாகாது. இதனை முதலில் உரக்கச் சொல்லிவிட்டு, அதன்பின் மேலே படிக்கவும்.

பகைவர் வடகரையில் பாசறை இறக்கிய பின் தங்கள் வீரர் கையில் துப்பாக்கிகள் அடுத்தடுத்து வெடித்துச் சிதறியதையும், கடைசியாக வெடித்த குழலால் சிவந்தி என்னும் இளவீரன் மாண்டதையும் தங்கள் ஓலையால் அறிந்தோம். அக்குழல்களை அடித்த கொல்லன் மாசாணன் பகைவரிடம் கைநீட்டிப் பொருள் பெற்று இரும்பைக் கெடுத்தான் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அவனை விலங்கிட்டு, அவன் அடித்த மீதிக் குழல்களில் சிலவற்றோடும், சிவந்தியைக் கொன்ற பிளந்த குழலோடும் இங்கு அனுப்பினீர்கள். சோதனையில் பழுது தெளிந்ததும் அவனை யானைக்காலில் இட உத்தரவு வேண்டினீர்கள். சோதனை நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுவிக்கிறோம்.

எம் சோதனைத் திடலின் அதிகாரி திருமலைக் கச்சிராயர், மாண்ட சிவந்தியைப் பெற்றவர் என்பது தாங்கள் அறியாததன்று. ஈமக்கடன் முடித்த ஈரம் உலராத அவரை இதில் இழுப்பது முறையன்று என்று கருதி, வேறொருவரை அமர்த்துவோமா என்று கேட்டோம். அவர் தலை நிமிராமலே மறுத்தார்.

"வேண்டாம் தாயே. என் பிள்ளையைக் கொன்ன இரும்பு எப்படிப்பட்டதுன்னு நானே பார்த்துடறேன்."

அவர் குரலைக் கேட்ட எம் அமைச்சர், இவர் சோதிக்கப் போவது குழலையா கொல்லனையா என்று எம் காதில் ஐயுற்றார். எமக்கும் அந்த அச்சம் இருந்தது. ஆகவே யாமே திடலுக்குச் சென்று, சோதனை முடியும்வரை அங்கே அமர்ந்திருந்தோம்.

நகருக்குத் தெற்கே, மூன்று புறமும் பாறை சூழ்ந்த பள்ளத்தில் அத்திடல் உள்ளது. தங்கள் கோட்டை வாயிலில் கரும்பாலி எவ்வளவு அகலமோ அவ்வளவு தொலைவில் எருமைத்தோலை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நடுவே சுண்ணாம்பால் வட்டம் இட்டிருந்தார்கள். துப்பாக்கியைப் பலா மரத்தொட்டிலில் கட்டி, விசையில் நீண்ட கயிறு பிணைத்து, மண்மேட்டின் பின்னிருந்து கயிற்றை இழுப்பது அங்குள்ள வழக்கம். மாசாணனைத் திடலின் ஓரத்தில் ஒரு பனையடியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவனைக் காவல் காத்து வந்த தங்கள் வீரன் பூலுடையான் வேலோடு அருகில் நின்றான். கச்சிராயர் அந்தப் பனையின் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் வழக்கமான அளவாக ஒரு கிண்ணி வெடிமருந்து இட்டு, தாங்கள் புதிதாக வார்ப்பித்த பெரிய குண்டைச் செலுத்திச் சுட்டார். குழல் தாங்கியது. ஈரத்துணியால் குழலின் உள்ளே துடைத்து, தாங்கள் விதித்தபடி ஒன்றரைக் கிண்ணி இட்டார். தாங்கியது. மீண்டும் துடைத்து இரட்டைக் கிண்ணி இட்டார். மரத்தொட்டில் பின்னோக்கி எகிறியதே அன்றிக் குழலில் ஒரு கீறலும் இல்லை. வேறொரு துப்பாக்கியை எடுத்தார். அதுவும் அவ்வாறே நின்றது. குழல்வாய்க்கு முன்னே தரையில் விரித்திருந்த வெள்ளைத்துணியில், ஒன்றரைக் கிண்ணிக்கு மேற்பட்ட மருந்து எரியாமல் கருமணலாகச் சிதறிக் கிடந்தது. மிகுதியாக இட்ட மருந்து குண்டைத் தள்ளாமல் வீணே வெளியில் கொட்டுகிறது என்று அதைக் காட்டிச் சொன்னார். சொன்னாரே அன்றி அவர் மனம் அதில் இல்லை. ஒவ்வொரு முறை கயிற்றை இழுத்தபோதும் குழல் பிளக்க வேண்டும் என்றே உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதாகப் பின்னர் எம்மிடம் மறைக்காமல் கூறினார். பிளந்திருந்தால் மாசாணன் செத்திருப்பான். அவருக்கும் அன்றிரவு உறக்கம் வந்திருக்கும்.

மூன்று கிண்ணி மருந்து இட்டபோது தொட்டில் இரண்டாக முறிந்தது. குழல் முழுதாகவே கிடந்தது. அப்போதுதான் அவர் பனையடிக்குப் போனார். நடந்த வேகத்தைக் கண்டு எம் மெய்க்காவலர் இருவர் பின்தொடர்ந்தனர்.

"நல்ல குழலாப் பொறுக்கி அனுப்பினியோ?" என்று கேட்டார்.

"பொறுக்கினது நான் இல்லீங்க ஐயா. என் கையிலதான் விலங்கு கெடக்கே. தளவாய் ஐயா ஆளுங்க எடுத்து வண்டியில போட்டாங்க," என்றான் மாசாணன். சற்றுப் பொறுத்து, "நம்பிக்கை இல்லேன்னா என் தோள்ல வச்சுக் கட்டுங்க. நானே சுடுறேன்," என்றும் சொன்னான்.

கச்சிராயரின் கை வாள்பிடியில் இருந்ததை யாம் கண்டோம். எழுந்துவிடுவோமா என்றுகூட நினைத்தோம். அவர் கையை எடுத்துக்கொண்டு திரும்பி, வண்டியருகே சென்று, அதுவரை தொடாமல் சாக்கில் சுற்றிக் கிடந்த தம் மகனின் துப்பாக்கியை மடியில் வைத்து அவிழ்த்தார்.

அதில் இன்னும் கறை இருந்தது. நெடுநேரம் குனிந்திருந்தார், அழுகிறார் என்று எண்ணி யாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஆனால் அவர் விரலால் இரும்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து எரிவது குழலின் அடியில். இரும்பு கெட்டதானால் பிளவு அங்கே தொடங்க வேண்டும். இக்குழலோ அடியில் கேடில்லாமல், அதற்கு ஒரு சாண் மேலே மோதிரம்போல் வீங்கி, அவ்விடத்தில் கிழிந்திருந்தது. அவர் முகம் மாறியது. பூலுடையானை அழைத்து, மகன் சுட்டபோது அருகில் நின்றவர் யார் என்று வினவினார்.

பூலுடையான் வேலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். எம்மைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"நான்தான் ஐயா நின்னேன். ஆனா சொன்னா தளவாய் ஐயா கோவிச்சுக்குவாரு."

அவன் சொல்வதன் பொருட்டு அவனுக்கோ அவன் வீட்டாருக்கோ ஒரு தீங்கும் வராது என்று யாம் எம் வாயால் உறுதி கூறினோம். அவ்வுறுதி தங்களையும் கட்டும் என்பதை இங்கே குறிக்கிறோம். அதன்பின் அவன் சொன்னதாவது:

"புதுக் குண்டு ரொம்ப இறுக்கம் ஐயா. மொதல்ல எறங்கும். சுடச்சுட உள்ள கரி புடிச்சு எறங்க மாட்டேங்கும். அன்னிக்கு வடகரையாளுங்க தண்ணியில எறங்கிட்டாங்க. தொடைக்க நேரமில்லே. தம்பி குண்டை எறக்குற கோலை விட்டு ரெண்டு குத்து குத்துனாரு. குண்டு பாதியில நின்னுபோச்சு. 'கெடக்கட்டும், வந்துட்டான்'னு தோள்ல வச்சுட்டாரு."

கச்சிராயர் அவனை மறுமுறை சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். பிறகு அவர் புதுத் துப்பாக்கி ஒன்றை எடுத்து, இம்முறை துடைக்கவே துடைக்காமல், போர்முனையில் கெட்டிப்பதுபோல் விரைவாகக் கெட்டித்துக் கெட்டித்துச் சுட்டார். போகப் போகக் கோலை இறக்க அவர் தோளால் முட்ட வேண்டியதாயிற்று. பின் ஒரு முறை கோல் இறங்காமல் நின்றது. குண்டு இறங்கும் வழியில் சிக்கி, அதற்கும் மருந்துக்கும் இடையே ஒரு சாண் வெற்றிடம் இருந்தது. கோலின்மேல் வைத்த கையை எடுக்காமல் அவர் அப்படியே நின்றார். தம் பிள்ளையின் கை கடைசியாக எங்கே நின்றதோ அங்கேதான் தம் கையும் நிற்கிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

துப்பாக்கியை மாற்றுத் தொட்டிலில் கட்டினார்கள். எம்மை மண்மேட்டுக்குப் பின்னே இன்னும் தாழ உட்காரச் சொன்னார். காக்கை கரைவதுகூட நின்றாற்போல் இருந்தது. கயிற்றை இழுத்தார்.

அந்த ஓசை வேறு. பாறைகள் மூன்றும் அதைத் திருப்பி எறிந்தன. ஓர் இரும்புத் துண்டு எம் தலைக்குமேல் சீறிப் போய், மாசாணன் சாய்ந்திருந்த பனையில் அவன் உச்சிக்கு ஒரு முழம் மேலே தைத்தது. அவன் விலங்கோடு அசையாமல் இருந்தான். கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். புகை விலகியதும் கச்சிராயர் அந்தக் குழலைச் சூடு ஆறுமுன்பே தூக்கி வந்து மகனின் குழலருகே கிடத்தினார். இரண்டும் ஒரே இடத்தில் வீங்கி, ஒரே வாக்கில் கிழிந்திருந்தன.

"குழல் நல்ல குழல்தான் தாயே," என்றார். "குண்டு மருந்துமேல உக்காரலை. நடுவுல இருந்த காத்துதான் கொன்னுடுச்சு. சிவந்தி அவசரப்பட்டு..." சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பகைவன் நீரில் இறங்கிய பின் அவசரப்படாத வீரன் எதற்கு என்று யாம் அவருக்குச் சொன்னோம். இறங்காத குண்டை அவன் வார்க்கவில்லை என்றும் சொன்னோம். தளவாயே, அது தங்கள் ஆணையால் வார்க்கப்பட்டது. ஆற்றின் அக்கரைவரை எட்ட வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தால் தாங்கள் குண்டைப் பெருக்கி, அதைப் பொதியும் துணியை விலக்கி, மருந்தைக் கூட்டினீர்கள். சோதித்துப் பார்க்காமல் அவ்வாறு செய்தீர்கள். பழியை மட்டும் ஒரு கொல்லன்மேல் வைத்தீர்கள்.

மாசாணனின் விலங்கைக் கச்சிராயரே தறித்தார். இருவரும் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் எட்டாத துப்பாக்கியால் கோட்டைக்குப் பயனில்லை ஆதலின், ஆற்றைக் கடக்கும் அளவைக் காணாமல் திடலை விட்டு அகலுவதில்லை என்று அவர்கள் நின்றார்கள். பழைய அச்சின் சிறு குண்டை ஆமணக்கெண்ணெய் தோய்ந்த துணியில் பொதிந்து, ஒரு கிண்ணி மருந்தில் சுட்டபோது தோலுக்கு முன்னே மண்ணில் விழுந்தது. ஒன்றரைக் கிண்ணியில் தோலைத் தாண்டிச் சிதறியது. ஒன்றேகால் கிண்ணியில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் பாய்ந்தது. அடுத்ததும் அதனருகே பாய்ந்தது. குண்டு முழுதும் இறங்கியபோது குழல்வாயோடு ஒட்டும் இடத்தில் கோலைச் சுற்றிக் கச்சிராயர் கத்தியால் ஒரு கோடு கீறினார். கோடு வெளியே தெரிந்தால் குண்டு இறங்கவில்லை என்பது அதன் பொருள். பின் எம் மெய்க்காவலர் தடுத்தும் கேளாமல் துப்பாக்கியைத் தம் தோளிலே வைத்தார். மாசாணன் கெட்டித்துக் கொடுக்கக் கொடுக்க, பொழுது சாயும்வரை சுட்டார். எதுவும் பிளக்கவில்லை.

ஆகவே யாம் ஆணையிடுவது யாதெனில்: தங்கள் பெரிய குண்டுகள் அனைத்தும் இன்றே உருக்கப்பட்டுப் பழைய அச்சில் வார்க்கப்படுக. துணியின்றி ஒரு குண்டும் இறங்கலாகாது. மருந்து ஒன்றேகால் கிண்ணிக்கு மிகலாகாது. சில வெடிகளுக்கு ஒருமுறை, பகைவன் எதிரே நின்றாலும், ஒருவர் துடைக்க ஒருவர் சுட வேண்டும். எல்லாக் கோலிலும் கோடு கீறப்படுக. கொல்லன் மாசாணன் குற்றமற்றவன் என்று கோட்டை முற்றத்தில், அவனை விலங்கிட்ட அதே இடத்தில், தங்கள் வாயாலேயே முழங்குக. அவன் இவ்வோலையோடு அங்கு வருகிறான். கோலில் கோடு கீறும் வேலை அவனுடையது.

ஓலை கொண்டுவருபவர் கச்சிராயர். புதிய அளவை வீரர்கள் நம்ப வேண்டும். வெடித்ததைக் கண்ட கண்கள் வெறும் சொல்லை நம்பா. ஆதலால் முதல் வெடி தங்கள் தோளிலிருந்து, வீரர் அனைவரும் காணப் புறப்பட வேண்டும். அத்துப்பாக்கியைக் கெட்டித்துத் தங்கள் கையில் தரப்போகிறவர் அவரே. இவ்வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். உமக்குத் தளவாய்மீது சினம் இல்லையா என்று யாம் கேட்டதற்கு, அவர் சொன்ன விடையைத் தங்களுக்கு மறைப்பது அறமன்று என்று கருதி அப்படியே எழுதுவிக்கிறோம்.

"இருக்கு தாயே. இல்லேன்னு எப்படிச் சொல்லுவேன்? ஆனா அந்தக் கோடு குழல்வாயில ஒட்டுற வரைக்கும் கோல்ல இருந்து கையை எடுக்க மாட்டேன்."

தாங்கள் தயங்காது அதனை வாங்கிச் சுடவும்.

வேங்கை பொறித்த அரக்கு முத்திரை இட்டோம். முத்திரை உடைந்த நொடி முதல் இது சட்டம். ஆறும் மலையும் இதற்குச் சான்று.