ஸுபைதா மகள்

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். முழங்கால் வலி தேவலையா?

மொராக்கோவில் நான் சுகம். லேசான காய்ச்சல்தான். விடுதிக்காரி லல்லா பத்தூல் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “உன் உம்மா பேரு என்னடி?” என்றாள். உங்களுக்குத் தகவல் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, ஸுபைதா என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவளோ, “ஸுபைதா மக இப்திஸாமுக்குச் சுகத்தைக் கொடு, ரப்பே” என்று ஓதி ஊதினாள். நோயாளிக்குத் தாய் பெயர் சொல்லித்தானே ஓதுவார்கள்! காய்ச்சலில் அதை மறந்துவிட்டேன்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. இன்று பயந்துபோய் உண்மையைச் சொன்னேன்.

“அடிப்பாவி! இத்தனை நாளா எவ மகளுக்கோ ஓதியிருக்கேனே!” என்று திட்டி, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். எதற்கும் நீங்களும் அங்கே ஓதுங்கள், உம்மா. லல்லா ஓதக் கூப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
மப்ரூக்கா மகள் இப்திஸாம்