தபாலில் போடாத கையெழுத்து

மாதா துணை

சாந்தோம், சென்னை
9-5-1946, வியாழன்

அன்புள்ள அத்தானுக்கு,

நோரா எழுதிக்கொள்வது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று எழும்பூரிலேயே ஒரு கார்டு எழுதிப் போட்டேனே, வந்ததா இல்லையா? வந்திருந்தால் ஒரு வரி பதில் போடக் கூடாதா? பொன்மலை ரயில்வே ஸ்டோர்ஸில் ஆணிக்கும் போல்ட்டுக்கும் நாள் முழுக்க எழுதுகிற கை, பெண்டாட்டிக்கு எழுத மட்டும் வலிக்கும் போலிருக்கிறது.

பதினொரு வருஷத்தில் நீங்கள் இல்லாமல் நான் வந்த முதல் விடுமுறை இதுதான். ஐரின் அக்கா என்னை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை. "வருஷம் பூரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட கத்துறே. இங்கேயாவது வாயை மூடிக்கிட்டு உட்காரு" என்கிறாள். காலையில் ஏழு மணி வரை தூங்குகிறேன். மே மாதம் அல்லவா, சாயங்காலம் கோயிலில் மாதா வணக்கம், முடிந்ததும் நேரே கடற்கரை. ரேஷனில் கோதுமைதான் அதிகம் போடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு அக்கா தினம் ஒரு புதுப் பலகாரம் செய்து பார்க்கிறாள், நாங்களும் பாராட்டிக்கொண்டே தின்கிறோம்.

நேற்று பவுல்சாமி மச்சான், பெண்டாட்டிக்கும் கொழுந்தியாளுக்கும் சேர்த்து ஒரு ஜட்கா வண்டி பேசி எங்களைத் திருவான்மியூர் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அடையாற்றுப் பாலத்தில் அடித்த காற்றில் அவருடைய தொப்பி ஆற்றோடு போய்விட்டது. புளிச்சோறும் மாம்பழமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். திரும்பும்போது தொப்புளைச் சுற்றி வலி பிடித்துக்கொண்டது. வண்டி குலுக்கியதால் என்று நினைத்தேன். அக்காவோ நான் நாலு மாம்பழம் தின்றதால் என்கிறாள். மூன்றுதான் தின்றேன். இப்போது தேவலை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தயிரைப் பூனை குடித்துவிடாமல் மூடி வையுங்கள்.

அன்புடன்,
நோரா


பொன்மலை
11-5-1946

அன்புள்ள நோராவுக்கு,

கார்டும் வந்தது, கடிதமும் வந்தது. பதில் போடாததற்குக் காரணம் சோறு. முதல் நாள் குழைந்தது, இரண்டாம் நாள் தீய்ந்தது, மூன்றாம் நாள் சரியாக வந்தது, ஆனால் உப்பு இல்லை. பாத்திரம் தேய்த்து முடிக்கும்போது கார்டு எழுதத் தெம்பு இருப்பதில்லை. தயிர் விஷயத்தில் உன் எச்சரிக்கை ஒரு நாள் தாமதமாக வந்தது.

மூன்று மாம்பழம் என்று நீ சொன்னால் ஐந்து என்று எனக்குத் தெரியும். ஓமத் திராவகம் வாங்கிக் குடி, ஒரு வேளை பட்டினி போடு. லீவுக்குப் போன இடத்தில் டாக்டர் கீக்டர் என்று கிளம்பிவிடாதே. உன் உடம்பு அவர்களுக்குத் தெரியாது. எதுவானாலும் இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நீ இல்லாமல் வீடு சுத்தமாக இருக்கிறது, அது ஒன்றுதான் லாபம். இருபத்தைந்தாம் தேதி வண்டிக்கு ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
ராஜநாயகம்


சாந்தோம்
14-5-1946, செவ்வாய்

அன்புள்ள அத்தானுக்கு,

பதறாமல் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவில் முழங்கால் போட்டவள் எழுந்திருக்க முடியவில்லை. வலி வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. கோயில் வாசலிலேயே வாந்தி எடுத்தேன். மச்சான் ரிக்ஷா பிடித்து லஸ் பக்கம் இருக்கிற ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். டாக்டர் சுப்பராமன் என்று ஒருவர் பார்த்தார். வயிற்றை அழுத்தியபோது பொறுத்துக்கொண்டேன், சட்டென்று கையை எடுத்தார் பாருங்கள், உயிரே போய்விட்டது. குடலின் ஓரத்தில் விரல் அளவுக்கு ஒரு வால் இருக்கிறதாம், அது வீங்கிச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கிறதாம். அப்பெண்டிசைட்டிஸ் என்கிறார். ஐஸ் பை வைத்து, சோற்றை நிறுத்தி, இப்போதைக்கு அடக்கி அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், உள்ளேயே வெடித்தால் பிழைப்பது கஷ்டம் என்று மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்.

கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் கையெழுத்து இல்லாமல் அவர் கத்தியைத் தொடமாட்டாராம். மச்சான் தான் போடுவதாகச் சொல்லிப் பார்த்தார். "வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் அல்லவா? அவர் போடட்டும்" என்றுவிட்டார். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அடியில் பென்சிலால் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்புங்கள். லீவு கிடைத்தால் நீங்களும் வாருங்கள், கிடைக்காவிட்டால் படிவம் மட்டும் வந்தால் போதும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். படிவம் வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

உங்கள்,
நோரா


பொன்மலை
15-5-1946

அன்புள்ள நோராவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆபரேஷன் வேண்டாம். இன்றே கிளம்பி வா. ரயில் பாஸ் இதோடு இருக்கிறது. ராத்திரி வண்டியில் படுத்துக்கொண்டு வர, தெரிந்த ரயில்வே கார்டு ஒருவரிடம் சொல்லி வைக்கிறேன், ஐரின் அக்கா துணைக்கு வரட்டும். இங்கே நம்மை அறிந்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். போன வருஷம் ஃபிட்டர் வைரவனுக்கு இதே வலிதான், கஷாயத்திலேயே கேட்டுவிட்டது.

செலின் விஷயம் உனக்குத் தெரியும். முழுவதும் தெரியாது. அவளுடைய ஆபரேஷன் படிவத்தில் அப்பாவுக்குப் பதிலாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எங்கே போட வேண்டும் என்று கேட்டேன். விரலால் காட்டினார்கள், போட்டேன். நாலு மணி நேரம் கழித்து அதே மேசைக்குக் கூப்பிட்டு, உடலை வாங்கிக்கொண்டதாக இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதே பேனா. என் தங்கைக்கு இருபத்திரண்டு வயது. எட்டு வருஷமாகியும் அந்த மசியின் வாசனை எனக்குப் போகவில்லை.

உன்னை அப்படி எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வந்துவிடு.

உன்,
ராஜநாயகம்


சாந்தோம்
17-5-1946, வெள்ளி

அத்தானுக்கு,

பாஸ் வந்தது. படிவம் வரவில்லை.

உங்கள் பேச்சுக்காக நேற்று டாக்டரிடம் ரயிலில் போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் விழுப்புரத்தில் வெடித்தால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். உங்களிடம் இதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள். வேறு எங்கே போனாலும் புருஷன் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றும் சொன்னார்.

அங்கே பெஞ்சில் என் பக்கத்தில் முத்தம்மா என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குப்பத்தில் மீன் விற்கிறவளாம், வயிற்றில் கட்டி. அவளை உள்ளே கூப்பிட்டுப் படிவத்தை நீட்டினார்கள், கட்டைவிரலை ஒற்றினாள், முடிந்தது. "உன் வீட்டில் யாரும் வரவில்லையா?" என்று கேட்டேன். "எனக்கு யாரு கீறாங்க? அந்தாளு செத்துப் பூட்டு அஞ்சு வருசமாச்சு. என் வவுறு, என் ரேகை, நானே வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போனாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

செலினுக்காக நானும் அழுதேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எட்டு வருஷமாகச் சொல்லவில்லை. அவளைக் கொன்றது உங்கள் கையெழுத்து இல்லை. ஒன்பது நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு கஷாயம் கொடுத்தோம். பத்தாவது நாள்தான் கொண்டுபோனோம். கையெழுத்து சீக்கிரம் விழுந்திருந்தால் அவள் இருந்திருப்பாள்.

ஸ்டோர்ஸில் தினமும் நூறு இடத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். எனக்கு ஒன்றுதான் கேட்கிறேன்.

இது நாளைக்கு உங்கள் கையில் கிடைக்கும். திங்கட்கிழமை கடைசித் தபால் இங்கே நாலு மணிக்கு வரும். அதுவரை காத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் எது செய்தாலும் நீங்கள் என்னைக் கேட்கக் கூடாது.

நோரா


கோபாலபுரம், நர்ஸிங் ஹோம் வராந்தா
21-5-1946, செவ்வாய்

என் நோராவுக்கு,

இதை ஐரின் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னை மூன்று நாளைக்கு யாரும் பார்க்கக் கூடாதாம், அக்கா ஒருத்திக்குத்தான் அனுமதி.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தேன், செலினைப் பற்றி எழுதியதற்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஒன்பது நாள் என்று நீ எழுதியது சரி. எண்ணிப் பார்த்தேன். இழுப்பறையைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே ரயிலடித் தபாலில் சேர்த்திருந்தால் நேற்று உன் கைக்கு வந்திருக்கும். நானே கொண்டு வந்து உன் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். லீவு நேற்றுத்தான் கொடுத்தார்கள். தந்தி அடித்தால் அக்கா வீட்டில் பிரிப்பதற்கு முன்பே அழத் தொடங்கிவிடுவார்களே என்று அதையும் அடிக்கவில்லை. படிவம் ராத்திரி முழுவதும் சட்டைப் பையில் இருந்தது. புத்தியில்லாதவன் என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்.

காலையில் டிராம் பிடித்து நேரே சாந்தோம் போனேன். பவுல்சாமி அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. லஸ்ஸில் இல்லை, கோபாலபுரத்தில் சேர்த்திருக்கிறோம் என்று விலாசம் மட்டும் சொன்னார். இங்கே வாசலில் ஓர் ஆயா, ஜைதூன் பீ என்று பெயர், பதிவேட்டைப் பார்க்கச் சொன்னாள். நோரா மேரி, வயது முப்பத்து நாலு, விதவை. உன் கையெழுத்துதான்.

"இன்னா சார், அந்தம்மாவையா பாக்கணும்? நேத்து சாயங்காலம் ஆப்ரேசன் ஆச்சு, பொழைச்சுக்கிச்சு. பாவம், சின்ன வயசு, புருசன் பூட்டாராம். நீ இன்னா ஒறவு?" என்றாள்.

பிழைத்துக்கொண்டாய் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. புருஷன் என்று சொன்னால் நீ பொய் சொன்னது தெரிந்து உன்னை என்ன செய்வார்களோ என்று பயந்தேன். அந்தப் புருஷனுடைய தம்பி என்று சொன்னேன். "அண்ணன் எப்படி செத்தாரு?" என்று கேட்டாள். திடீரென்று என்றேன். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு இந்த வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். தமையனுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

நீ செய்ததைக் கேட்க எனக்கு உரிமையில்லை. நீயே சொல்லியிருந்தாய், கேட்கவும் மாட்டேன். தினமும் நாலு மணிக்கு இங்கே வந்து உட்காருவேன். உள்ளே வா என்று நீ சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் லீவு முடிந்ததும் பொன்மலைக்குப் போய்விடுவேன்.

படிவத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இனி அது யாருக்கும் வேண்டாம், ஆனாலும் கையெழுத்து இருக்கிறது என்று நீ பார்க்க வேண்டும்.

ராஜநாயகம்


கோபாலபுரம்
25-5-1946, சனி

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அக்கா அன்றைக்கே கொடுத்தாள். நாலு நாள் பதில் எழுதவில்லை. தையல் வலி ஒரு நாளுக்குத்தான் காரணம், மற்ற மூன்று நாளும் கோபம்.

திங்கட்கிழமை நாலு மணிக்குத் தபால்காரர் பக்கத்து வீட்டுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு நம் வாசலைத் தாண்டிப் போனார். அப்போதே காய்ச்சல் நூற்று மூன்று. லஸ்ஸில் என்னைத் தெரியும், அதனால் அக்காவை இங்கே அழைத்து வரச் சொன்னேன். ரிக்ஷாவில் ஏறுவதற்கு முன் தாலியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கமாட்டேன் என்று அழுதாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வேன் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். இன்னும் அரை நாள் போயிருந்தால் வெடித்திருக்கும் என்று லேடி டாக்டர் சொன்னார்.

பதிவேட்டில் விதவை என்ற சொல்லை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். நீங்கள் சாக வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. நான் சாகக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

உங்கள் படிவத்தைப் பார்த்தேன். கையெழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது. ஸ்டோர்ஸில் இப்படிப் போட்டால் ஒரு ஆணி கொடுக்கமாட்டார்கள். எவ்வளவு பயந்துகொண்டு போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

ஜைதூன் பீ தினமும் வந்து சொல்கிறாள். "உங்க கொழுந்தனாரு வந்துகினே கீறாரு. உள்ளார வாங்கன்னா மாட்டேன்றாரு. நல்ல மனுசன்" என்று. நேற்று அதைக் கேட்டபோது என்னால் அதற்குமேல் பொய் தாங்க முடியவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, என் புருஷன் உயிரோடு இருக்கிறார், வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். நன்றாகத் திட்டினார், திட்டட்டும். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, நீயே எழுது என்று பேனாவை என்னிடம் கொடுத்தார். எழுதிவிட்டேன்.

நாளைக்கு நாலு மணிக்கு உள்ளே வாருங்கள். தாலி அக்கா வீட்டில் ஜெபப் புத்தகப் பெட்டியில் இருக்கிறது. அதை உறையில் போட்டு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். இதை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.

கோபம் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் மனைவி,
நோரா ராஜநாயகம்