வெல்லம் ஏற்றிய சிவப்புக் கார்

மாமா,

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. இன்று பள்ளிப் பேருந்து ஒரு வெல்லக் கொட்டகையைக் கடந்தபோது, கொதிக்கிற பாகின் வாசனை சன்னல் வழியாக ஏறி வந்தது. பக்கத்தில் இருந்தவள் மூச்சை இழுத்து, "பொங்கல் வந்த மாதிரி இருக்குல்ல" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு அது உன் காரின் பின்பக்கத்து வாசனை.

சின்னசேலம் சாலையில் இரவல் பைக்கில் போன நீ விபத்தில் சிக்கி, உயிரோடு திரும்பாமல் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் உன்னைப் பார்த்தார்கள். போகும்போது உன் மெக்கானிக் பட்டறையில் நின்ற காரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். இதை எதற்காகச் செய்தான் என்று கேட்க நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவும் நானும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதானே அது.

அந்தக் காரை நீ சென்னையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறது. சிவப்பு நிறம். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. "பாத்து ஓட்டு, நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல வவுறு கிழிஞ்சிடும் மாமா" என்றேன். "மாமாவ வா போன்னு பேசாதடி" என்று அம்மா அதட்டினாள். நீ, "பேசட்டும் வுடுக்கா, அது ஒண்ணுதான் எங்கிட்ட பயமில்லாம பேசுது" என்றாய்.

அது பின்சக்கரங்களால் மட்டும் ஓடுகிற வண்டி. இன்ஜின் முன்னால் இருந்தாலும் அதன் பலம் முழுவதும் பின்னால்தான் போகும். அதை நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக மாற்றப்போவதாகச் சொன்னாய். காயலான் கடையிலிருந்து ஒரு பழைய ஜீப்பின் அடிப்பாகம் வந்தது; அதை மாட்டியதும் கார் ஓரடி உயர்ந்தது. கியர் பெட்டிக்குப் பின்னால், பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போடுகிற இன்னொரு பெட்டியைப் பொருத்தினாய். அதற்கு இடம் போதவில்லை என்று பின்சீட்டைக் கழற்றி வீசினாய்.

நான் யோசித்தேன். தார்ச்சாலையில் ஓட இரண்டு சக்கரம் போதும். நான்கும் இழுக்க வேண்டியது கல்வராயன் மலையின் சேற்றுப் பாதைகளில்தான். அந்தச் சேற்றில் அவசரமாக ஏறி இறங்குகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். போதாததற்குப் பின்சீட்டும் இல்லை. பத்துப் பன்னிரண்டு சாராயக் கேன்கள் தாராளமாக நிற்கும்.

எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னாய். அம்மாவிடம், "கஸ்டமர் கேக்குறாரு." டீக்கடையில், "ரேசுக்கு." என்னிடம், "உன்ன காலேஜில வுடுறதுக்கு." நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மூன்று பதில் சொல்கிறவனிடம் நான்காவது ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. சோறு போட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "கருணாபுரத்துல கள்ளச்சாராயத்துக்கு அத்தினி பேர வாரிக் குடுத்த ஊருடா இது. அந்தக் கருமத்துல உன் கை இருக்குதுன்னு தெரிஞ்சிது, கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன். இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது." நீ ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனாய். அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

முதல் சோதனை ஊரே பார்க்க நடந்தது. நான்கு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கியர் போட்டாய். பின்சக்கரங்கள் முன்னோக்கிச் சுற்றின. முன்சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின. ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் எதிர்க்கடை பஞ்சர்காரர் ஆரம்பித்தார்: "இன்னாப்பா இது, முன்னாடி சங்கராபுரம் போவுது, பின்னாடி சின்னசேலம் போவுது! நீ எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்த?" ஜீப்பின் முன்பக்கப் பற்சக்கரப் பெட்டி, இன்ஜினின் எண்ணெய்த் தொட்டியில் இடிக்கிறது என்று அதை நீ தலைகீழாகக் கவிழ்த்து மாட்டியிருந்தாய். கவிழ்த்தால் சுற்றுகிற திசையும் கவிழ்ந்துவிடும் என்பது உனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரோடும் சேர்ந்து நீயும் சிரித்தாய். பிறகு எண்ணெய்த் தொட்டியை அறுத்து, ஒதுக்கிப் பற்றவைத்து, பெட்டியை நேராக மாட்டினாய். நானும் சிரித்தேன்தான். ஆனாலும், இவ்வளவு பாடுபடுகிறவனுக்கு ஏதோ பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலைக்குப் போகப்போவதாகச் சொன்னாய். அம்மா என் காதோரம், "நீயும் போ. இன்னாத்த ஏத்துறான், எங்க எறக்குறான்னு பாத்துக்கினு வா" என்றாள். கதவைத் திறந்து பின்னால் பார்த்தேன். வெல்ல மூட்டைகள்! மலைமேல் சாராய ஊறல் போடுவதற்கு முதலில் வேண்டியது வெல்லம். எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

"இது எதுக்கு?"

"வெயிட்டுக்குடி. ஜீப்பு சாமானெல்லாம் மாட்டினதுல முன்னாடி கனம் ஜாஸ்தி, பின்னாடி கம்மி. பின்சக்கரம் மண்ணப் புடிக்காது."

"வெயிட்டுக்கு மணல் மூட்ட போடுவாங்க."

"மணல் ஏத்துனா மணல் கடத்துறேன்னு புடிப்பான். அதான் வெல்லம்."

நீ நிஜமாகவே உன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு சொன்னாய். நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஏட்டையா பின்னால் எட்டிப் பார்த்தார். "வெல்லம் மேல எதுக்குப் போவுது?"

"மேல போவலிங்க சார். ஏறிட்டு அப்படியே திரும்பி வந்துடும்."

"சுத்திப் பாக்கப் போவுதா?"

கூட இருந்த போலீஸ்காரர் சிரித்தார். ஏட்டையா சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "நீ சொல்லு பாப்பா. மாமா யாருக்கு எடுத்துக்கினு போறாரு?" என்றார். "அதத்தான் சார் நானும் பாக்க வந்தேன்" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபம் இல்லை. நீயுமா என்பது போல ஒரு பார்வை.

அப்புறம் நீயே இறங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சாவடிக்குள் அடுக்கினாய். "சார், வெல்லம் இங்கயே இருக்கட்டும். வெயிட்டுதான் வோணும். நீங்க ரெண்டு பேரும் குந்துங்க."

சவாலுக்கென்றே இருவரும் ஏறினார்கள். சீட்டில்லாத தகரத் தரையில் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்தார்கள். தார்ச்சாலையை விட்டு நீ சேற்றுப் பாதைக்குள் திருப்பினாய். கார் உறுமியது. பின்பக்கம் ஒருமுறை வழுக்கிப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. ஏட்டையா கடவுளைக் கூப்பிட்டார். அடுத்த நொடி முன்சக்கரங்கள் மண்ணைப் பிடித்து இழுத்தன. புளியமரம் நின்ற மேட்டில் ஏறி நின்றோம். நீ இன்ஜினை அணைத்தாய். கீழே சோளக்கொல்லை ஈரமாகத் தெரிந்தது.

ஏட்டையா இறங்கி முதுகைத் தேய்த்துக்கொண்டார். "வண்டி ஏறுது. ஒத்துக்கிறேன். ஆனா எதுக்குய்யா ஏறணும்?"

நீ காதுவரை சிவந்து, செருப்பிலிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தாய்.

இறங்கி வந்து, மூட்டைகளை மறுபடி ஏற்றி, ஊரை நோக்கித் திரும்பிய பிறகுதான் சொன்னாய்: "சும்மாதாண்டி. இது இன்னான்னு பாக்கணும்னு தோணிச்சி. ஏறுமான்னு பாக்கணும்னு தோணிச்சி. சும்மான்னு சொன்னா எவன் நம்புறான்? அதான் ஆளுக்கு ஒண்ணு சொன்னேன்." மூட்டைகள் எடுத்த கொட்டகைக்கே திரும்பிப் போயின. ஒரு மூட்டையும் குறையாமல் இறங்கியதை நான் நின்று பார்த்தேன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "சாராயக்காரனுக்கு உங்கண்ணு எதிர்லயே எறக்குவானா?" என்றாள். நீ இருந்தவரைக்கும் அவள் உனக்குச் சோறு போட்டாள். ஆனால் முகத்தைப் பார்த்துப் போடவில்லை.

போன வாரம் சேலத்திலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "பாதி ஜீப்பு, பாதி காரு. நல்லாத்தான் பண்ணியிருக்காரு. இத வெச்சி எந்த லைன்ல ஓட்டுனாரு?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நான் வாயெடுப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள். "எந்த லைன்லயும் ஓட்டல. என் தம்பி சும்மா செஞ்சான். அவன் ஆசைக்குச் செஞ்சான். நம்புனா வாங்குங்க, இல்லன்னா கெளம்புங்க." அவர் கிளம்பிவிட்டார். அம்மா அந்தக் காரில் கைவைத்து நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்கு இன்னும் புத்தி மாறவில்லை மாமா. பதில் கிடைத்ததுமே அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டுகிறேன். ஆசிரியர்களிடம், அம்மாவிடம், புத்தகங்களிடம்கூட. நீ சொன்ன 'சும்மா' என்ற அந்த ஒரு பதிலை மட்டும் தோண்டாமல் வைத்திருக்கிறேன். சில நாள் கை அரிக்கத்தான் செய்கிறது. பொறுத்துக்கொள்கிறேன்.