மியூசியத்தைச் சேர்ப்பதா வேண்டாமா

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். என் முழங்காலையும் உன் அம்மாவின் கோபத்தையும் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் சின்னவனும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். பிறகு என் பங்குக்குக் கிடைப்பது 'சாப்டீங்களாப்பா, சரி வெச்சிடறேன்' மட்டும்தான். அதனால்தான் கடிதம். என் கையெழுத்து பள்ளத்தில் இறங்கி ஏறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துப் படி.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவதா, இல்லை அங்கேயே ஏதோ ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்கும் முகாமில் சேர்த்துவிடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை என்று போன மாதம் சொன்னாய் அல்லவா. வந்தால் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கக் கூடாது, சொந்த மாநிலத்தில் நாலு இடம் பார்க்க வேண்டும், பார்த்ததில் ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்பது மாப்பிள்ளையின் எண்ணம் என்றாய். 'நீங்க போகாத இடமாப்பா, நீங்களே ஒரு பிளான் போட்டு அனுப்புங்க, அத வெச்சுத்தான் அவர்கிட்ட பேசணும்' என்று நீ கேட்டதும் நானும் மார்தட்டிக்கொண்டு ஆகட்டும் என்றேன். சின்னவனை நாங்கள் போனுக்குள்தான் பார்த்திருக்கிறோம். தூக்க முடியாத அளவுக்கு அவன் வளர்வதற்குள் ஒரு தடவையாவது இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உன் அம்மா தினமும் சொல்கிறாள், எனக்கும் அதே ஆசைதான், ஆம்பளை என்பதால் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகையால் இந்தப் பிளான் எங்களுக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. நான் சரியாகப் போட்டால் நீங்கள் வருவீர்கள், கோட்டை விட்டால் ரோபோ ஜெயித்துவிடும்.

ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தலை சுற்ற ஆரம்பித்தது. டூரிஸ்ட் பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்த மாநிலத்தில் போகாத இடம் இல்லை. எங்கே பஸ்ஸைத் திருப்ப இடமிருக்கும், எந்த மரத்தடியில் நிறுத்தினால் காக்கை கண்ணாடியைப் பாழாக்கும், எங்கே கழிப்பறை சுத்தம், எங்கே டீ குடித்தால் வயிறு கெடும், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் முழிக்கிறேன். ஓரிடத்திலும் நான் உள்ளே போனதில்லை. டிரைவர் என்றால் டிக்கெட்கூடக் கேட்கமாட்டார்கள், ஆனாலும் விடிய விடிய ஓட்டி வந்தவனுக்கு வாசலைப் பார்த்தாலே கண் சொருகும். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போவார்கள், நான் கடைசி சீட்டில் காலை நீட்டுவேன். உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. 'ஊரெல்லாம் சுத்தினேன், ஊரெல்லாம் சுத்தினேன்னு இத்தன வருஷமா அளந்தது இந்த லட்சணத்துலதானா' என்று அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சிரித்தாள்.

அதற்காக நான் அசந்துவிடவில்லை. எனக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது. பிள்ளைகள் திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் என்ன சத்தம் என்பதை வைத்து அந்த இடத்தை எடைபோட்டுவிடுவேன். மிருகக்காட்சிசாலை என்றால் ஊர் வந்து சேரும்வரை குரங்குச் சத்தம்தான். அணைக்கட்டு என்றால் ஈரத்துணிக்காக அடிதடி. நட்சத்திரம் காட்டுகிற கோளரங்கம் என்றால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூக்கம். பால் பண்ணைத் தொழிற்சாலையிலிருந்து வரும்போதுதான் குதித்துக்கொண்டு வருவார்கள், பாட்டும் கைத்தட்டலும் காதைப் பிளக்கும். மியூசியம் மட்டும் எப்போதும் மோசம். போகும்போது கூரையைப் பிய்த்துக்கொண்டு போனவர்கள் வரும்போது வாயைத் திறக்கமாட்டார்கள். இழவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஆகவே பால் பண்ணையை முதலில் எழுதினேன், மியூசியத்தை விட்டுவிட்டேன்.

நம் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கும் கணக்கு டீச்சர், அவரும் என் பஸ்ஸில் பிள்ளைகளை எத்தனையோ தடவை கூட்டி வந்தவர்தானே, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன். அங்கேதான் குழப்பம் இரட்டிப்பானது. மியூசியம் இல்லாமல் என்ன கல்விச் சுற்றுலா என்று சண்டைக்கே வந்துவிட்டார். பேசாமல் வந்தால் நல்லது, பிள்ளைகள் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம் என்றார். இல்லை டீச்சர், அலுத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம் என்றேன் நான். ஒவ்வோர் இடத்துக்கும் இருபது கேள்வி எழுதித் தருகிறேன், பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதட்டும் என்றார். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு 'லீவுக்கு வர்ற புள்ளைங்களுக்குப் பரீட்சையா, போய் உங்க டீச்சர் வீட்டுலயே தங்க வெச்சுக்கோங்க' என்றாள். ஆளுக்கொரு திசையில் இழுத்தால் வண்டி எப்படிப் போகும். சரி, வாதம் எதற்கு, நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று நானும் உன் அம்மாவும் பஸ் பிடித்துக் கிளம்பினோம்.

முதலில் பால் பண்ணை. ஒரு பெரிய கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் குழாய்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பால் கண்ணிலேயே படவில்லை. இதைப் பார்த்துவிட்டா குதித்துக்கொண்டு வந்தார்கள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வரும்போது வாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு பாட்டில் சாக்லேட் பால் கொடுத்தாள், குளிரக் குளிர, இலவசமாக. உன் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் வீட்டுக்காரரிடம் இதில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று நீ எப்படிச் சொல்லப்போகிறாய் என்று கவலையாகிவிட்டது. ஆனாலும் செலவில்லாத இடம், சின்னவனுக்குப் பிடிக்கும், இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

இன்னொரு நாள் மியூசியம் போனோம். டீச்சருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் போனேன், எனக்கு நம்பிக்கை இல்லை. பெரியவர்களுக்கு ஒரு டீ விலைதான் டிக்கெட், பிள்ளைகளுக்கு அதிலும் பாதி. முதல் அறையில் கல், அடுத்த அறையில் காசு, அதற்கடுத்த அறையில் துருப்பிடித்த வாள். பார்த்தாயா நான் சொல்லவில்லையா என்று மனதுக்குள் டீச்சரைச் சீண்டிக்கொண்டே நடந்தேன். கடைசியில் ஒரு பெரிய கூடம் வந்தது. மேலே சங்கிலியில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. என் பஸ்ஸை அதன் விலாவுக்குள் நிறுத்திவிடலாம். அதன் பக்கத்திலேயே, கொஞ்சம் தாழ்வாக, ஒரு குட்டியின் எலும்புக்கூடு. நான் படிக்கிற கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால் பலகையில் இருந்ததை உன் அம்மாதான் வாசித்தாள். இரண்டும் ஒரே நாளில் ஒரே கரையில் ஒதுங்கியவையாம். குட்டி ஆழமில்லாத தண்ணீரில் மாட்டிக்கொண்டு, தாய் அதை விட்டுப் போகாமல் நின்றிருக்கலாம், இல்லையென்றால் தாய் வழிதவறிக் குட்டி கூடவே வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று போட்டிருந்தது. உன் அம்மா அதைத் திரும்பவும் வாசித்தாள். 'யாரு பின்னால யாரு வந்தாங்கன்னு சொல்லாம விட்டுட்டாங்களே' என்று என்னிடம் கேட்டாள், எழுதினது நான்தான் என்கிற மாதிரி. நாங்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கத்திக்கொண்டு வந்தது. அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் அவர்கள் சத்தம் தானாக அடங்கியது. யாரும் அடக்கவில்லை, டீச்சர்மார் இன்னும் வாள் இருக்கிற அறையில்தான் நின்றிருந்தார்கள். வெளியே வந்து பஸ் ஏறி, இறங்கி, நடந்து, வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதுதான் எனக்கு உறைத்தது, வழியெல்லாம் நானும் உன் அம்மாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. உன் அம்மா பேசாமல் வந்தாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஏன் என்று கேட்பாய். நீ ஏழாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்துக்காரர்கள் எங்கள் கம்பெனி பஸ்ஸை எடுத்தார்கள், முதலாளி என்னையே போகச் சொன்னார், இந்த மியூசியத்துக்குத்தான் போனோம். நினைவிருக்கிறதா. போகும்போது நீதான் எல்லாருக்கும் மேலே பாடிக்கொண்டு வந்தாய். போய்ச் சேர்ந்ததும் நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு டயர் நிழலில் துண்டை விரித்து, டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாரும் வரிசையாக அந்தப் பக்கமாகப் போனீர்கள். நான் கையைத் தூக்கி ஆட்டினேன். நீ பார்த்தாய், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டு போய்விட்டாய். பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன், இப்போது அதிலும் சந்தேகம். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை நீ பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் படுத்துவிட்டாய். அடுத்த வருஷச் சுற்றுலாவுக்கும் நான்தான் பஸ் எடுக்கிறேன் என்று தெரிந்ததும் வயிற்றுவலி என்று நின்றுவிட்டாய். நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன், பிள்ளைக்குத் தோழிகள் முன்னால் அப்பனைப் பார்த்து வெட்கம் என்று. உன்மேல் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. அந்த வயசில் எந்தப் பிள்ளைக்கும் வருவதுதான். ஆனால் அதற்குப் பிறகு உன் பள்ளிக்கூடம், உன் காலேஜ், எங்கே வந்தாலும் நான் வண்டியைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினேன். உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இப்போது அந்தத் திமிங்கிலத்தைப் பார்த்த பிறகு எல்லாம் கலங்கிவிட்டது. அன்று நீ பேசாமல் வந்தது என்னாலா, அதனாலா? மியூசியத்துக்குப் போன எல்லாப் பிள்ளைகளும் பேசாமல்தானே வருவார்கள், நீயும் அப்படித்தான் வந்தாயோ? அன்று மற்றப் பிள்ளைகள் பேசினார்களா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவே மாட்டேன் என்கிறது. எப்படி வரும், டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் உன்னை மட்டும்தானே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்படியானால் வயிற்றுவலி நிஜமான வயிற்றுவலியா? இதை நினைத்தால் ஒரு நேரம் நெஞ்சு லேசாகிறது, மறு நேரம் இத்தனை வருஷம் வண்டியைத் தள்ளி நிறுத்தினேனே என்று அழுகை வருகிறது.

நீ நினைக்கலாம், பிளான் கேட்டால் இந்த மனுஷர் பழங்கதை பேசுகிறாரே என்று. பிளானும் இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. என் பஸ்ஸில் கிளீனராக இருந்தானே, குரல் பெரிசு என்று ஹாரன் என்று கூப்பிடுவோமே, அவன் இப்போது சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். 'வாடக எல்லாம் வேணாண்ணே, டீசல் மட்டும் ஊத்திக்கிட்டு நீங்களே ஓட்டிட்டுப் போங்க' என்கிறான். லைசென்ஸைப் புதுப்பித்துத்தான் வைத்திருக்கிறேன், டாக்டரும் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையில் வெயில் ஏறுமுன் கிளம்பி மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம், சாப்பாடு உன் அம்மா கட்டித் தருவாள், வாரத்துக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் பிள்ளைகள் சும்மா இருக்கட்டும். பால் பண்ணை, அணைக்கட்டு, கோளரங்கம், நகரத்துக்குத் தண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் நிலையம், எல்லாம் சேர்த்தாலும் அந்த முகாமின் கட்டணத்தில் கால்வாசி ஆகாது, மாப்பிள்ளையிடம் தைரியமாகச் சொல். மியூசியம் ஒன்றுதான் பாக்கி. டீச்சர் சொல்லையும் ஏற்க முடியவில்லை, என் அளவுகோலையும் நம்ப முடியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். அன்று உன்னை அப்படி ஆக்கியது அந்தக் கூடம் என்றால் பெரியவளைக் கட்டாயம் அங்கே கூட்டிப்போகிறேன், முதல் நாளே. நான்தான் என்றால் அதையும் மறைக்காமல் எழுது கண்ணு. ஹாரனையே ஓட்டச் சொல்லிவிட்டு நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின் சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே தாத்தாவாக உட்கார்ந்து வருகிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்தப் பதிலாக இருந்தாலும் வந்துவிடு, அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளாதே. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். பெரியவளும் சின்னவனும் நோய்நொடி இல்லாமல், நல்ல புத்தியோடு, நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் ஆசி. டிக்கெட் போடுமுன் பிள்ளைகளின் பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள். பதிலை மட்டும் போனில் சொல்லாதே கண்ணு, உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். எழுதி அனுப்பு. படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பஸ்ஸை ஓட்டிய
அப்பா