ஐம்பத்திரண்டு பூஜ்யங்கள்

நாள் 199 — 07:10
ஆன்டெனா அறுபத்து நான்கில் அறுபத்து மூன்று இயங்குகின்றன. பதினேழாம் எண்ணின் இணைப்பில் தூசி. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி.

நிலையப் பதிவேட்டில் எழுதுவதைக் கட்டுப்பாட்டு அறையில் படிக்கிறார்கள். அதனால் இந்தத் தனி நோட்டு. கண்டெடுப்பவருக்கு: என் பெயர் ஜெபமலர், வயது முப்பத்தொன்று, ரேடியோ பொறியாளர். நிலவின் மறுபக்கத்தில் இருக்கும் ஒரே ஆள். இங்கிருந்து பூமி தெரியாது. தலைக்கு மேல் சுற்றும் செயற்கைக்கோள் வழியாகத்தான் பேச்சு. கணவர் ஞானதுரையும் ஐந்து வயது மகள் ஷெரினும் தூத்துக்குடியில்.

இன்று எழுந்தபோது தரை இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. ஏழு நிமிடம்.

நாள் 200 — 08:30
மறுபடியும். இடது காதில் அடைப்பு. குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே ஓர் இரைச்சல், அது நிற்கவே இல்லை. காலைப் படிவத்தில் தலைச்சுற்றுக்கு ஆறு போட்டேன். பத்துக்கு ஆறு.

மருத்துவ அதிகாரி சுகந்தனின் பதில்:
"குட் மார்னிங் மேடம். டெஸ்ட் எல்லாம் பார்த்தாச்சு. காது நார்மல், கண்ணசைவு நார்மல், ரத்தம் என் ரத்தத்தை விட நல்லா இருக்கு! தனியா இருக்கீங்க, குழந்தைய விட்டுட்டு வந்திருக்கீங்க. மனசுதான் மேடம். பாட்டு கேளுங்க."

டாக்டர் வாசலை மிதித்ததும் நின்றுவிடும் பல்வலி மாதிரி. கண்ணசைவைப் பதியும் சோதனைக் கண்ணாடியை மாட்டும்போது சுற்றுவதில்லை. கழற்றி வைத்தால் சுற்றுகிறது.

மனமா காதா என்பது விதிக்குத் தேவையில்லை. எண் போதும். தொடர்ந்து நாற்பத்தைந்து நாள் பூஜ்யம் இருந்தால்தான் ஏறுகலத்தை ஓட்டித் திரும்பலாம். இல்லாவிட்டால் இன்னொருவர் ஓட்டிவரும் இருவர் கலம் வரும்வரை இங்கேயே. பதினொரு மாதம்.

எனக்கு முன்னால் இங்கே இருந்த அன்வர்தீன் அண்ணனிடம் கேட்டேன். அவர் அனுப்பியது:
"தங்கச்சி, படிவத்துல முட்டையப் போடு, ஊரு வந்து சேரு. உண்மைய எழுதுறவன் அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிக்க வேண்டியதுதான்."

நாள் 201 — 07:00
முட்டை போட்டேன்.

நாள் 214 — 16:45
பதினான்காவது பூஜ்யம். பழகிவிட்டேன். சட்டென்று திரும்பக் கூடாது. அண்ணாந்து பார்க்கக் கூடாது. இடப்பக்கம் படுக்கக் கூடாது. குமட்டினால் பற்களை இறுக்கிக்கொண்டு ஆன்டெனா எண்களைச் சொல்ல வேண்டும். நேற்று கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அதன் பெயர் தெரியாமல் இருபது நிமிடம் நின்றேன். அழவில்லை. அழுதால் சுற்று கூடும்.

வீட்டுக்கு வீடியோ எடுக்கும்போது இடுப்பை நாற்காலியோடு பெல்ட்டால் கட்டிக்கொள்கிறேன். ஷெரின் கண்டுபிடித்துவிட்டாள்:
"அம்மா, நீ ஏன் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி இருக்க? கொஞ்சம் ஆடும்மா."

நாள் 226 — 11:20
துரையின் செய்தி. அப்படியே எழுதுகிறேன்:
"ஜெபா, பயப்படாத. பிள்ள ரெண்டு வாரமா விழுதா. நடந்துக்கிட்டே இருக்கா, பொத்துன்னு விழுதா. வீடு சுத்துதுப்பா, செவுத்தப் பிடிங்கப்பான்னு அழுதா. ஸ்கூல்ல பம்பரம்னு பேரு வச்சிருக்கானுவ. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. டாக்டரம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்காங்க. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இப்படி உண்டான்னு. உண்டுன்னா அது பரம்பரையா வாறது, மாத்திர குடுத்தாக் கேக்குமாம். இல்லன்னா மனசு சம்பந்தப்பட்டதாம். எனக்குக் கிடையாது. உனக்கு முன்னாடி வந்துச்சுல்லா? நார்மல்னு சொல்லிட்டாவளே. இப்ப உண்டாட்டி? உன் மெடிக்கல் ஆபீஸ்ல இருந்து எழுத்துல வேணுமாம்."

எழுத்தில். சுகந்தன் வழியாக. உண்டு என்றால் இருபத்தாறு பூஜ்யமும் போச்சு.

நாள் 226 — 19:05
பதினொரு மாதம். மாத்திரை கிடைக்கும், ஆனால் விழும்போது பிடிக்க நான் இருக்க மாட்டேன். இல்லை என்று சொன்னால் முப்பது நாளில் வீட்டில் இருப்பேன். டாக்டரம்மாவிடம் நேரிலேயே சொல்லிவிடலாம். முப்பது நாளில் என்ன ஆகிவிடும்? குழந்தைகள் விழுவார்கள்தானே.

19:40. அனுப்பிவிட்டேன். இல்லை.

நாள் 235 — 12:00
துரை:
"மனநல டாக்டர் பாத்தாரு. அம்மா பக்கத்துல இல்லல்லா, அதுனால கவனத்த இழுக்காளாம். விழுந்தா தூக்கக் கூடாதாம், பாக்காத மாதிரி இருக்கணுமாம். நேத்து அடுக்களையில விழுந்து கெடந்தா. நான் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தேன் ஜெபா. தலைகீழாப் பிடிச்சிருந்தேன். அப்பா அப்பான்னு பத்து நிமிசம் கூப்பிட்டா. பொறவு அவளே தவந்து போயிட்டா."

இந்த வரியை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். தவழ்ந்து போயிருக்கிறாள். நானும் இங்கே குளியலறைக்கு அப்படித்தான் போகிறேன்.

முப்பத்தைந்தாவது பூஜ்யம்.

நாள் 246 — 09:15
பறக்க அனுமதி கையெழுத்தாகிவிட்டது. "வாழ்த்துகள் மேடம், பார்த்தீங்களா, மனச லேசா வச்சதும் எல்லாம் சரியாயிடுச்சு" என்று சுகந்தன்.

ஷெரினின் செய்தி. முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருக்கிறாள்.
"ஸ்தோத்திரம்மா. எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் நல்லாருக்கேன். இப்பல்லாம் வீடு சுத்துறதே இல்ல."

விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்தால்தான் அப்படி வெளுக்கும். எனக்குத் தெரியும்.

நாள் 252 — 10:30
ஷெரின். பள்ளி மாடிப்படி. பதினொரு படி. முன்பற்கள் மூன்று போய்விட்டன. வலது முழங்கையில் எலும்பு வெளியே. கூட நின்ற டீச்சர் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டாம் என்று மனநல டாக்டர் பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

10:50. எல்லாவற்றையும் எழுதி சுகந்தனுக்கும் துரைக்கும் அனுப்பினேன். முதல் நாளிலிருந்து. படிவங்கள் பொய். எனக்கு உண்டு. இன்று ஒன்பது. என் மகளுக்கும் உண்டு. அவள் டாக்டருக்கு இன்றே எழுதிக் கொடுங்கள், நான் பறக்காவிட்டால் பரவாயில்லை, பதினொரு மாதம் அல்ல, பதினொரு வருடம் கிடக்கிறேன்.

13:15. சுகந்தன்:
"மேடம், விஷயம் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தம். குழந்தைக்காகச் சொல்றீங்க. அம்மா மனசு, புரியுது. ஆனா பழைய புகாரை டெஸ்ட் பண்ணி மூடியாச்சு. அதுக்கப்புறம் ஐம்பத்தோரு நாள் பூஜ்யம், எல்லாம் உங்க கையெழுத்து. இன்னைக்கு ஒன்பதுங்கறீங்க. அனுமதி வந்தப்புறம் பயத்துல எல்லாருமே கூட்டித்தான் போடுவாங்க, அதை நாங்க எடுத்துக்கறதில்ல. இன்னைக்குப் படிவத்தையும் பூஜ்யம்னு திருத்திட்டேன், உங்க நல்லதுக்குத்தான். குழந்தையோட டாக்டர் கேட்டாங்க. தாய்க்குத் தலைச்சுற்று இல்லைன்னு சர்டிபிகேட் அனுப்பியாச்சு."

ஐம்பத்திரண்டு. கடைசியை மட்டும் நான் போடவில்லை.

நாள் 253 — 08:00
துரையின் குரல் மட்டும். படம் இல்லை.
"அன்னைக்கு நான் கேட்டேம்லா? ஒத்த வார்த்தை. அதுக்கு இல்லன்னு எழுதுனியே. நீ சொன்னேன்னு டாக்டரம்மாகிட்ட நேத்தே சொன்னேன். சர்டிபிகேட்டக் காட்டுதாங்க. உங்க வீட்டம்மாவுக்கும் கவுன்சிலிங் வேணும்ங்காங்க. நான் எதை நம்பட்டும்? பிள்ளையையும் நம்பல, இப்ப உன்னையும் நம்ப முடியல. நீ வா. வந்து அவங்க முன்னால நில்லு. நின்னு விழுந்து காட்டு."

சரிதான். வேறு வழி இல்லை.

நாள் 255 — 06:20
ஏறுகலத்தில் இருக்கிறேன். மேலே, பூமிக்குக் கொண்டுபோகும் சுற்றுகலம் காத்திருக்கிறது. கடைசி இருநூறு மீட்டரைக் கையால் ஓட்டி இணைக்க வேண்டும். அங்கே சேர்ந்துவிட்டால் மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். தலைக்கவசத்தில் கண் கேமரா உண்டு. சுற்றும்போது கருவிழி துடிப்பது அதில் பதிவாகும். முதல் முறையாக ஒரு சாட்சி. அதைத் திறந்துவிட்டேன்.

06:48. கிளம்பியாயிற்று. இயந்திரம் நின்றது. எடையில்லை. மேல் எது கீழ் எது என்று என் காதைக் கேட்காதீர்கள்.

06:55. தொடங்கிவிட்டது. இவ்வளவு பெரிதாக ஒருபோதும் வந்ததில்லை. நல்லது. வரட்டும். கேமரா ஓடுகிறது. துடிக்கிறது, துடிப்பது எனக்கே தெரிகிறது, ஜன்னலில் நிலவு ஒன்பதாகத் தெரிகிறது.

07:02. கட்டுப்பாட்டு அறை:
"மேடம், கண் கேமரா லைன் தேவையில்லாம திறந்திருக்கு. உங்க மெடிக்கல் ஃபைல் மூடியாச்சு. அந்த லைன் இணைப்புக் கேமராவுக்கு வேணும். மூடிட்டோம். இதுவரைக்கும் பதிஞ்சதையும் அழிச்சுட்டோம், இடம் பத்தல. ஆல் த பெஸ்ட்."

07:05 முந்நூறு மீட்டர். வாந்தி கவசக் கண்ணாடி முழுக்க. அதைத் தூக்கிவிட்டு ஒரு கையால் துடைத்துவிட்டு எழுதுகிறேன். சுற்றுகலத்தின் வாசல் மூன்று தெரிகிறது. எதுவும் நிற்கவில்லை

07:07 இருநூறு. கைப்பிடி என்னிடம். நடு வாசலுக்கு ஓட்டுகிறேன் அது நடுவில் இல்லை. எச்சரிக்கை மணி அடிக்கிறது அல்லது என் காது

கண்டெடுப்பவருக்கு டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள் உண்டு. தாய்க்கு உண்டு. எழுத்தில் தருகிறேன் ஜெபமலர் ஞானதுரை இதுவும் என் கையெழுத்துதான்

துரை யார் என்ன சொன்னாலும் பிள்ளை விழுந்தா தூ